கல்வராயன் மலை தூரத்தில் நீலமாகத் தெரிவது ஏன்? விடை சொன்ன ஆங்கிலேயப் பிரபு ராலேயின் கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் ரோட்டில் போகிறவர்களுக்கு இது தினமும் பார்க்கிற காட்சி. தூரத்தில் கல்வராயன் மலை வெளிர் நீலமாகத் தெரியும். கோமுகி அணையை நெருங்க நெருங்க நீலம் குறைந்து பச்சை எட்டிப் பார்க்கும். வெள்ளிமலைக்கு ஏறிவிட்டால் நீலத்தையே காணோம். சுற்றிலும் மரம், புதர், மரவள்ளிக் காடு. ஆனால் அங்கிருந்து எதிர்ப்பக்க மலையைப் பார்த்தால், அது நீலமாக இருக்கும்!

மலை பச்சை என்றால் நீலம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொன்னவர் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பிரபு ஒருவர். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'ராலே சிதறல்' என்று படித்திருப்பீர்களே, அந்த ராலேதான். யார் இந்த மனுஷன்? பணமும் பட்டமும் இருந்தவர் எதற்கு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார்? சென்னையில் படித்த 18 வயது தமிழ் மாணவருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• முழுப் பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். மூன்றாம் ராலே பிரபு. பிறப்பு 1842, இறப்பு 1919.
• வானம் ஏன் நீலம் என்பதற்கு 1871இல் கணக்கு போட்டுக் காட்டினார்.
• காற்றில் ஆர்கான் என்ற வாயு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். 1904இல் இயற்பியல் நோபல் பரிசு.
• மனைவியின் தம்பி பிரிட்டன் பிரதமர். மனைவியின் அக்கா அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர். மகனும் விஞ்ஞானி.
• சர் சி.வி.ராமன் மாணவராக இருந்தபோதே அவரது ஆய்வைக் கவனித்தவர். பிறகு இவருடைய கருத்து ஒன்றைத் தவறு என்று காட்டியவரும் அதே ராமன்தான்.

பச்சை மலை நீலமாவது எப்படி?

சூரிய ஒளி வெள்ளையாகத் தெரிந்தாலும் அதற்குள் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறமும் இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் அலையின் நீளம் வேறு. நீலத்தின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர், சிவப்பு சுமார் 700. அதாவது நீலம் குட்டை அலை, சிவப்பு நெட்டை அலை.

அணைத் தண்ணீரில் ஒரு சின்னக் குச்சியை நட்டு வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அலை வந்தால் குச்சியைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போய்விடும். சின்னச் சின்ன சிற்றலை வந்தால் குச்சியில் பட்டுக் கலைந்து நாலா பக்கமும் பரவும். காற்றில் இருக்கும் மூலக்கூறுகள் அந்தக் குச்சி மாதிரி. நீல ஒளி அவற்றில் பட்டு அதிகமாகச் சிதறும், சிவப்பு பெரும்பாலும் நேராகப் போய்விடும்.

எவ்வளவு அதிகம்? அங்கேதான் ராலேயின் கணக்கு வருகிறது. அலைநீளம் பாதியானால் சிதறல் இரண்டு மடங்கு ஆகாது, 16 மடங்கு ஆகும் என்றார் அவர். இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16, அதே கணக்கு. இந்த விதிப்படி, சிவப்பை விட நீலம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் இப்படிச் சிதறி வந்த ஒளிதான் கண்ணில் படுகிறது. அதனால் வானம் நீலம்.

சரி, மலைக்கு வருவோம். காடு அடர்ந்த மலை கொஞ்சம் இருட்டான பொருள். அதிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி குறைவு. ஆனால் மலைக்கும் நமக்கும் நடுவில் பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. அந்தக் காற்றின் மேலும் வெயில் படுகிறது. அதுவும் நீலத்தைச் சிதறவிடுகிறது. ஆக, மலைக்கு முன்னால் நிற்கும் காற்றும் ஒரு துண்டு வானம்தான். அந்தத் துண்டு வானத்தின் வழியாகத்தான் நாம் மலையைப் பார்க்கிறோம்.

தூரம் கூடக் கூட நடுவில் இருக்கும் காற்றும் கூடும். அதனால்தான் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும் மலை வரிசையில் முன்னால் இருப்பது கரும்பச்சையாகவும், அடுத்தது நீலமாகவும், கடைசியில் இருப்பது வானத்தோடு கலந்த வெளிர் நிறமாகவும் தெரிகிறது. மொபைலில் எடுத்த மலை போட்டோ எதைப் பார்த்தாலும் இந்த வரிசை இருக்கும்.

யார் இந்த ராலே பிரபு?

1842 நவம்பர் 12ஆம் தேதி இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிறந்தவர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். 'ராலே' அவர் பெயர் இல்லை, குடும்பப் பட்டம். எசெக்ஸில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் அது.

அந்தப் பட்டம் வந்த கதையே சுவாரஸ்யமானது. தாத்தா ஜோசப் ஹோல்டன் ஸ்ட்ரட் ராணுவத்தில் கர்னல், நாடாளுமன்ற உறுப்பினர். அவருக்குப் பிரபு பட்டம் தர அரசு முன்வந்தபோது, தனக்கு வேண்டாம், மனைவிக்குக் கொடுங்கள் என்றார். அதனால் 1821இல் பாட்டி ஷார்லட்தான் முதல் ராலே சீமாட்டி ஆனார். அவருக்குப் பிறகு மகன் ஜான் ஜேம்ஸ் இரண்டாம் பிரபு. அவருடைய மூத்த மகன்தான் நம் விஞ்ஞானி, மூன்றாம் பிரபு.

பரம்பரை உரிமை என்பது கல்வராயன் மலைக்காரர்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. 1970களில் அரசு முழுசாகக் கையில் எடுக்கும் வரை இந்த மலையும் ஜாகிர்தார்களின் பரம்பரை ஆளுகையில் இருந்ததுதான். அப்பாவுக்குப் பிறகு மகன் என்று போகும் அதே ஏற்பாடு. எசெக்ஸில் அந்த ஏற்பாடு ஸ்ட்ரட் குடும்பத்துக்குக் கொடுத்தது டெர்லிங் என்ற ஊரில் பெரிய மாளிகை, சுமார் 7,000 ஏக்கர் நிலம், பிரபுக்கள் சபையில் ஓர் இடம்.

நோஞ்சான் பையன், கணக்கில் முதலிடம்

சின்ன வயதில் ராலேவுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். ஈட்டன், ஹாரோ என்று பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் சேர்த்தார்கள். எங்கும் நிலைக்க முடியவில்லை. தனி ஆசிரியரிடம் படித்துத்தான் 1861இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குள் நுழைந்தார். 1865இல் கணிதத் தேர்வில் மொத்தப் பல்கலைக்கழகத்திலும் முதலிடம்.

அந்தக் காலத்தில் பிரபு வீட்டு மூத்த மகன் விஞ்ஞானி ஆவது வழக்கம் இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்வது, வேட்டை, அரசியல் என்றுதான் போவார்கள். ராலே வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்தார்.

1871 அவர் வாழ்க்கையில் முக்கியமான ஆண்டு. 28 வயதில் வானத்தின் நீலம் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார். அதே ஆண்டு எவலின் பால்ஃபரைக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்தோடு டிரினிட்டி கல்லூரியில் அவர் வகித்த ஃபெலோ பதவி போய்விட்டது! கல்யாணம் ஆனவர்கள் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது என்பது அன்றைய விதி.

அடுத்த ஆண்டே கடுமையான வாதக் காய்ச்சல். உடம்பு தேற எகிப்துக்கு அனுப்பினார்கள். நைல் நதியில் படகு வீட்டில் தங்கியிருந்தபோது சும்மா இருக்கவில்லை. ஒலியைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றை அங்கே எழுதத் தொடங்கினார். 'ஒலியின் கோட்பாடு' என்ற பொருளில் பெயர் வைத்த அந்த நூல் 1877, 1878 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்தது. இந்தப் புத்தகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சென்னையில் வரும்.

தம்பிக்கு நிலம், அண்ணனுக்கு ஆய்வுக்கூடம்

1873இல் அப்பா இறந்தார். பட்டமும் எஸ்டேட்டும் ராலே தலையில் விழுந்தன. மூன்று ஆண்டுகள் பார்த்தார். 1876இல் நிலத்தை நிர்வகிக்கும் பொறுப்பைத் தம்பி எட்வர்டிடம் ஒப்படைத்துவிட்டார்.

தம்பி கெட்டிக்காரர். விவசாயம் நொடித்திருந்த காலத்தில் பால் பண்ணைப் பக்கம் திரும்பினார். குடும்பப் பெயரிலேயே லண்டனில் பால் கடைகள் வந்தன. அண்ணனின் ஆராய்ச்சிக்குப் பின்னால் தம்பியின் உழைப்பும் மாடுகளின் பாலும் இருந்தன என்றே சொல்லலாம்.

மனைவி வீட்டுப் பக்கம் இன்னும் பெரிய இடம். எவலினின் தாய்மாமன் சாலிஸ்பரி பிரபு பிரிட்டன் பிரதமர். அவருக்கு அடுத்துப் பிரதமரானவர் எவலினின் தம்பி ஆர்தர் பால்ஃபர். மாமன் விட்ட நாற்காலியில் மருமகன். 1904இல் ராலே நோபல் பரிசு வாங்கியபோது நாட்டின் பிரதமர் அவர் மைத்துனர்தான்.

ஆனால் அறிவியலுக்கு உதவிய சொந்தம் பிரதமர் இல்லை, எவலினின் அக்கா எலினார் சிட்விக். 1879இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகப் பேராசிரியர் மேக்ஸ்வெல் இறந்தார். அந்த இடத்துக்கு ராலே வந்தார். விவசாய வருமானம் குறைந்திருந்ததால் சம்பளமும் தேவைப்பட்டது. மின்சாரத்தை அளக்கும் ஓம், ஆம்பியர், வோல்ட் அளவுகளைத் துல்லியமாக நிர்ணயிக்கும் வேலையை அங்கே எடுத்தார். எலினார் அவரோடு உட்கார்ந்து அளந்தார், கணக்கு போட்டார். கட்டுரைகளில் அவர் பெயரும் சேர்ந்தே வந்தது. பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டமே தராத காலம் அது. எலினார் பிறகு நியூன்ஹாம் பெண்கள் கல்லூரிக்கு முதல்வரானார்.

ஐந்து ஆண்டுகள் போதும் என்று 1884இல் பதவியை விட்டு டெர்லிங் வீட்டுக்கே திரும்பிவிட்டார் ராலே. அதற்குப் பிறகுதான் பெரிய கண்டுபிடிப்பு.

11 மில்லிகிராம் வித்தியாசம்

ராலே நைட்ரஜன் வாயுவின் எடையை அளந்துகொண்டிருந்தார். ஒரே கண்ணாடிக் குடுவை. காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கி எடுத்த நைட்ரஜனை அடைத்தால் சுமார் 2.310 கிராம். அம்மோனியா போன்ற வேதிப்பொருட்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனை அடைத்தால் சுமார் 2.299 கிராம். வித்தியாசம் வெறும் 11 மில்லிகிராம். நூற்றுக்கு அரை பங்கு.

வேறு யாராவது இருந்தால் தராசில் ஏதோ பிழை என்று விட்டிருப்பார்கள். ராலே விடவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார். அதே வித்தியாசம். 1892இல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். பிரபுவுக்கு அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் தோன்றவில்லை.

வில்லியம் ராம்சே என்ற வேதியியலாளர் கைகொடுத்தார். 1894இல் இருவரும் சேர்ந்து அறிவித்தார்கள்: காற்றில் யாருக்கும் தெரியாத புது வாயு ஒன்று இருக்கிறது. எதோடும் வினைபுரியாத அதற்குக் கிரேக்க மொழியில் 'சோம்பேறி' என்று பொருள்படும் ஆர்கான் என்ற பெயர் வந்தது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது இருக்கிறது. இன்று வெல்டிங் பட்டறையில் சிலிண்டரில் வரும் ஆர்கான் இதேதான்.

1904இல் ராலேவுக்கு இயற்பியல் நோபல், ராம்சேவுக்கு வேதியியல் நோபல். பரிசுப் பணத்தை ராலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

பெயர் இல்லாவிட்டால் மதிப்பு இல்லையா?

ராலேவுக்கு நேரம், பணம், சொந்தபந்தம் எல்லாம் இருந்தன. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அது 'பெயர்'. அதன் மதிப்பு என்ன என்பதை அவரே அனுபவத்தில் பார்த்தார்.

ஒருமுறை பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துக்கு அனுப்பிய அவருடைய கட்டுரையிலிருந்து பெயர் எப்படியோ விடுபட்டுவிட்டது. ஏதோ வீம்புக்கு எழுதுகிற ஆள் என்று நினைத்து நிராகரித்துவிட்டார்கள். எழுதியது ராலே பிரபு என்று தெரிந்ததும் அதே கட்டுரையில் திடீரென்று தகுதி தெரிந்தது! இதை அவர் மகனே அப்பாவின் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

இன்னொரு சம்பவம் இந்தியா சம்பந்தப்பட்டது. பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்திய ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1845இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். வாயுவின் மூலக்கூறுகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன, அந்த ஓட்டம்தான் வெப்பம் என்று அதில் விளக்கியிருந்தார். கட்டுரையைப் படித்த நிபுணர் ஒருவர் இது வெறும் அபத்தம் என்று ஒதுக்கினார். கட்டுரை திரும்பியும் வரவில்லை, அச்சாகவும் இல்லை. காகிதக் கட்டுகளுக்குள் போய்விட்டது. பின்னாளில் வேறு பெரிய விஞ்ஞானிகள் அதே கருத்தோடு புகழ் பெற்றார்கள். வாட்டர்ஸ்டன் 1883இல் இறந்தார்.

ராலே அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தார். 1892இல் தானே முன்னுரை எழுதி, ராயல் சொசைட்டி இதழிலேயே அச்சிட வைத்தார். 47 ஆண்டு தாமதம். எழுதியவர் இல்லை.

அந்த முன்னுரையில் இளம் ஆய்வாளர்களுக்கு ஓர் அறிவுரையும் இருந்தது. முதலில் எளிதாக மதிப்பிடக்கூடிய சின்ன வேலை ஒன்றைச் செய்து நல்ல பெயர் எடுங்கள், பிறகு பெரிய யோசனைகளுக்குப் போங்கள் என்ற பொருளில் எழுதினார். நடைமுறைக்கு உதவும் யோசனைதான். ஆனால் அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. கதவு ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்காமல், கதவைத் தட்டுகிறவர் எப்படித் தட்ட வேண்டும் என்று சொல்கிற யோசனை அது. பிறக்கும்போதே கதவு திறந்திருந்தவர் சொன்னது.

எவரெஸ்ட் தெரிகிறதே, அது எப்படி?

இப்போது மறுபடியும் மலைக்கு வருவோம். 1871இல் வானத்தில் ஒளியைச் சிதறவிடும் 'சின்னத் துகள்' எது என்பதில் தெளிவு இல்லை. தூசியா? காற்றேவா? இந்தக் கேள்வியை 1899இல் ராலே மறுபடி எடுத்தார்.

அதற்கு அவர் பயன்படுத்திய ஆதாரங்களில் ஒன்று இமயமலைக் காட்சி. டார்ஜிலிங் பக்கத்திலிருந்து பார்த்தால் எவரெஸ்ட் சுமார் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் தூரத்தில். அவ்வளவு தூரத்திலும் அது நன்றாகவே தெரிகிறது. அப்படியானால் நடுவில் இருக்கும் காற்று எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது, எவ்வளவு ஒளியை விட்டுவைக்கிறது என்று கணக்குப் போடலாம் அல்லவா?

போட்டார். தூசியே இல்லாவிட்டாலும் காற்றின் மூலக்கூறுகள் மட்டுமே வானத்தை நீலமாக்கப் போதும் என்ற முடிவுக்கு வந்தார். தூரத்து மலை எப்படித் தெரிகிறது என்பதை வைத்துக் காற்றைப் பற்றித் தெரிந்துகொண்ட கணக்கு இது. கள்ளக்குறிச்சிக்காரர்கள் கல்வராயன் மலையைப் பார்க்கிற அதே பார்வைதான். அளந்து பார்த்தது மட்டும் வித்தியாசம்.

சென்னையிலிருந்து வந்த கட்டுரை

1906 நவம்பர். லண்டனில் வரும் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை. செவ்வக வடிவத் துவாரம் வழியாகப் போகும் ஒளி, சாய்வாக விழும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடுகளை உண்டாக்குவதில்லை என்பது விஷயம். எழுதியவர் சி.வி.ராமன், பிரசிடென்சி கல்லூரி, மெட்ராஸ். வயது 18. கூட எந்தப் பேராசிரியரின் பெயரும் இல்லை.

திருச்சியில் பிறந்த ராமன் அப்போது எம்.ஏ. மாணவர். கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரில் பட்டகத்தின் கோணத்தை அளக்கிறபோது கண்ணில் பட்ட ஒரு சின்ன விஷயத்தை விடாமல் பிடித்து எழுதியது அது. எளிதாக மதிப்பிடக்கூடிய சின்ன வேலை! ராலே சொன்ன அறிவுரையை அப்படியே செய்தது போல இருந்தது.

அந்த நேரத்தில் ராலே ராயல் சொசைட்டியின் தலைவர். ராமனின் வேலையைக் கவனித்து, அவருக்குக் கடிதம் எழுதினார். எதிரில் இருப்பது மாணவர் என்று தெரியாமல் 'பேராசிரியர்' என்றே குறிப்பிட்டார் என்று ராமனின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. நைல் நதிப் படகில் தொடங்கிய அந்த ஒலிப் புத்தகத்தையும் ராமன் விரும்பிப் படித்தார். வயலின், மிருதங்கம், தபேலா பற்றி அவர் பிறகு செய்த ஆய்வுகளில் அதன் தாக்கம் உண்டு.

கடல் நீலம்: பிரபு சொன்னது தவறு

கடல் ஏன் நீலம்? வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்பது ராலேயின் கருத்து. பெரியவர் சொல்லிவிட்டார் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

1921இல் ராமன் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் கருநீலத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. கையில் இருந்தது நிக்கல் பட்டகம் என்ற சின்னக் கருவி. தண்ணீர் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அதன் மூலம் சரியான கோணத்தில் வடிகட்டிவிடலாம். வடிகட்டிப் பார்த்தார். பிரதிபலிப்பு போன பிறகும் நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது. தண்ணீர் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறவிடுகின்றன. உடனே 'நேச்சர்' இதழுக்கு எழுதினார்.

கவனியுங்கள், காற்றுக்கு ராலே சொன்ன விஷயத்தைத்தான் ராமன் தண்ணீருக்குக் கொண்டுபோனார். ராலேயின் முறையை வைத்தே ராலேயைத் திருத்தினார். அந்தப் பாதையில் தொடர்ந்து போனதன் பலன்தான் 1928 பிப்ரவரி 28 அன்று கே.எஸ்.கிருஷ்ணனோடு சேர்ந்து கண்ட ராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசு. இன்று பிப்ரவரி 28 நாடு முழுக்கத் தேசிய அறிவியல் நாள்.

ராலே இதைப் பார்க்க இல்லை. 1919 ஜூன் 30ஆம் தேதி டெர்லிங் மாளிகையில் காலமானார்.

அப்பா கணக்கு, மகன் சோதனை

ராலே குடும்பக் கதை அவரோடு முடியவில்லை. மூத்த மகன் ராபர்ட் ஸ்ட்ரட், 1875இல் பிறந்தவர், நான்காம் ராலே பிரபு ஆனார். அவரும் இயற்பியல் பேராசிரியர். தூசி நீக்கிய சுத்தமான காற்றில் ஒளியைச் செலுத்தினாலும் சிதறல் நடக்கிறது என்பதை 1918இல் ஆய்வுக்கூடத்திலேயே காட்டினார். அப்பா எவரெஸ்ட்டை வைத்துப் போட்ட கணக்கை, மகன் குழாய்க்குள் வைத்துக் காட்டிவிட்டார். அப்பா உயிரோடு இருந்தபோதே.

நிலா இல்லாத இரவிலும் வானத்தில் மெல்லிய ஒளி ஒன்று இருக்கும். அதை ஆராய்ந்ததில் ராபர்ட் முன்னோடி. அந்த ஒளியை அளக்கும் அலகின் பெயர் 'ராலே'. அது அப்பா பெயர் இல்லை, மகனின் நினைவாக வைத்தது.

இதில் கள்ளக்குறிச்சிக்கு என்ன?

ராலே திறமைசாலி, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நோஞ்சான் பையனுக்குத் தனி ஆசிரியர் கிடைத்தார். வீட்டிலேயே ஆய்வுக்கூடம் கிடைத்தது. நிலத்தைப் பார்க்கத் தம்பி இருந்தார். எழுதினால் படிக்க ஆள் இருந்தது. ராமனுக்கு எஸ்டேட் இல்லை. ஆனாலும் அவர் அப்பா கணிதமும் இயற்பியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர், வீட்டில் புத்தகங்கள் இருந்தன. வாட்டர்ஸ்டனுக்குப் படிப்பு இருந்தது, கேட்க ஆள் இல்லை.

வெள்ளிமலை, கருமந்துறை பக்கம் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலர் தங்கள் வீட்டிலேயே முதலில் பள்ளிக்கு வந்தவர்கள். மலை ஏன் நீலம் என்ற கேள்வி அவர்களுக்கும் வரும். தூரத்து மலை தினமும் கண் முன்னால் இருப்பதால் மற்றவர்களை விட முன்னாடியே வரலாம். அந்தக் கேள்வியை வகுப்பில் காது கொடுத்துக் கேட்கிற ஆசிரியர், கையில் எடுத்துப் பார்க்க ஒரு பட்டகம், ஒரு தராசு. இதற்கு 7,000 ஏக்கர் தேவையில்லை.

நீங்களே செய்து பார்க்க:

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூன்று சொட்டு பால் விடுங்கள். இருட்டு அறையில் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் வெளிச்சம் மஞ்சள் கலந்து தெரியும். முதலாவது பகல் வானம், இரண்டாவது மாலைச் சூரியன்.

மூன்று கேள்விகள், மூன்று பதில்கள்

மாலையில் சூரியன் ஏன் சிவப்பு?
மாலையில் ஒளி மிக நீண்ட தூரம் காற்றுக்குள் பயணித்து வருகிறது. வழியிலேயே நீலம் எல்லாம் சிதறிப் போய்விடும். மிச்சம் வருவது சிவப்பும் ஆரஞ்சும்.

ஊதாவின் அலை இன்னும் குட்டை. அப்புறம் ஏன் வானம் ஊதாவாக இல்லை?
சூரிய ஒளியில் ஊதாவின் பங்கு நீலத்தை விடக் குறைவு. நம் கண்ணுக்கும் ஊதாவைப் பார்க்கும் திறன் குறைவு. அதனால் நீலமே மேலோங்குகிறது.

சில நாள் கல்வராயன் மலை நீலமாக இல்லாமல் மங்கலான வெள்ளையாக இருப்பது ஏன்?
புகை, தூசி, பனித்துளி எல்லாம் மூலக்கூறை விடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறவிடும். அதனால் வெண்மையாகத் தெரியும். நல்ல மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் காலையில் பாருங்கள், மலை பக்கத்தில் வந்துவிட்டது போலத் தெளிவாக இருக்கும். அதைத் தாண்டியும் தெரிகிற நீலம்தான் ராலே சொன்ன நீலம்.